விண்ணப்ப எண் 1148

நேர்காணல் அறையின் கதவில் ஒட்டியிருந்த தாளில் பெயர்கள் இல்லை, எண்கள்தான் இருந்தன. ஆறு எண்கள். நான்காவது 1147, அது மங்கையர்க்கரசியுடையது. விரலால் தொட்டுச் சரிபார்த்துவிட்டு, வந்தாயிற்று, இனி உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாம் என்று பையை இறக்கப்போனவள் அடுத்த எண்ணைப் பார்த்தாள். 1148. கை பையின் பட்டையிலேயே நின்றுவிட்டது. இருப்பது ஒரே ஒரு இடம், கோட்பாட்டு இயற்பியலில் உதவிப் பேராசிரியர், குவாண்டம் ஆராய்ச்சிப் பிரிவு. இந்தத் துறையில் நாடு முழுக்கச் சேர்த்து வருஷத்துக்கு எட்டோ பத்தோ இடம் வந்தால் அதிகம், அதில் தமிழ்நாட்டில் ஒன்று வருவதற்கு மூன்று வருஷம் காத்திருந்தாயிற்று. எண்கள் ஆயிரத்தொன்றில் ஆரம்பித்ததாகக் கேள்வி, தாளின் கடைசி எண் 1198, அப்படியானால் இருநூறு பேர் போட்டிருக்கிறார்கள், இருநூறில் ஆறைப் பொறுக்கியிருக்கிறார்கள், அந்த ஆறில் இரண்டு எண்கள் ஒட்டி ஒட்டி வருகின்றன. வரக்கூடாது என்று ஒன்றும் இல்லை. நிகழ்தகவு போட்டுப் பார்த்தால் ஏறக்குறைய ஏழுக்கு ஒரு தடவை இப்படி நடக்கத்தான் செய்யும், அவளே மாணவர்களுக்கு இந்த மாதிரிக் கணக்குகளைக் கொடுத்திருக்கிறாள். ஆனால் அவளுடைய விண்ணப்பம் போன அந்தச் சனிக்கிழமை மத்தியானத்தை அந்தக் கணக்கில் எங்கே போடுவது? கடைசித் தேதிக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. மூன்று நாற்பதுக்கு அவள் சமர்ப்பித்தாள், எண் வந்தது, எழுந்துபோனாள். அவள் எழுந்த நாற்காலியில் தாமோதரன் உட்கார்ந்தான். அவள் திரும்பி வந்தபோது மணி நான்கு. அந்த இருபது நிமிஷத்தில் 1148 என்ற எண் உலகத்தில் யாருக்கோ போயிருக்க வேண்டும்.

தாமோதரன் அவளுடைய கணவன். பிஎச்டி படித்த இடத்தில் இரண்டு பேருக்கும் ஒரே கைடு, ஒரே அறை, ஒரே பிரச்சினை: சூழலோடு ஒட்டியிருக்கும் ஒரு குவாண்டம் அமைப்பு தன் நிலையை எப்படி இழக்கிறது, இழந்ததில் ஏதாவது திரும்பி வருமா. கல்யாணமாகி ஏழு வருஷத்தில் ஒரே ஊரில் இருந்தது மொத்தம் பதினோரு மாதம். அவள் கொல்கத்தாவில் மூன்றாவது போஸ்ட்டாக்கில், பிஎச்டிக்குப் பிறகான ஒப்பந்த ஆராய்ச்சி வேலையில், இருந்தாள். அவன் திருச்சிக்கு வெளியே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு லேசரும் ஃபைபரும் நடத்திக்கொண்டிருந்தான், அவன் அப்பா படுக்கையில் விழுந்த வருஷம் ஊரோடு வந்தவன், அப்பா போன பிறகும் திரும்பிப் போகவில்லை. இந்த விளம்பரம் வந்ததும் அவன்தான் முதலில் சொன்னான், நீ போடு அரசி, எனக்கு மூணு வருஷம் பேப்பரே இல்ல, நான் போட்டா உனக்குப் போட்டியா ஒரு ஆள் நின்ன மாதிரிதான் ஆகும், ஒரே வீட்லேர்ந்து ரெண்டு அப்ளிகேஷன் போனா ரெண்டையும் தூக்கி ஓரமா வச்சிருவாங்க. சத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே நின்று டீ குடித்துக்கொண்டே இதைச் சொன்னான், கிளாஸைச் சுற்றிச் சுற்றிக் கலக்கிக்கொண்டே சொன்னான். அப்போது அது பெருந்தன்மையாகத் தெரிந்தது. இப்போது, இந்தக் கோயம்புத்தூர் மலையடிவாரத்து ஆராய்ச்சி நிறுவனத்தின் நீண்ட கூடத்தில், நீலப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தால், அவன் ஏன் கண்ணைப் பார்க்காமல் டீயைப் பார்த்துச் சொன்னான் என்று இருந்தது. லீவில் திருச்சிக்கு வந்திருந்தபோது அவளுடைய லேப்டாப் சார்ஜர் எரிந்துபோனது நிஜம், அதனால் அவன் கல்லூரி ஸ்டாஃப் ரூம் கணினியில் விண்ணப்பித்ததும் நிஜம், யோசனை அவனுடையது. நீ போய் கேண்டீன்ல ஏதாவது சாப்பிட்டு வா, காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல, நான் இன்டர்னல் மார்க் ஏத்திட்டு வர்றேன் என்றான். சனிக்கிழமை மத்தியானம் மார்க் ஏற்ற என்ன அவசரம்? அவள் பப்ஸைத் தின்றுவிட்டு அவனுக்கும் ஒன்றைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தபோது அவன் திரையை மூடினான். மூடினானா, அல்லது வேலை முடிந்து அணைத்தானா? படாரென்று மூடியதாக இப்போது ஞாபகம் வருகிறது. நேற்று வரைக்கும் அந்த ஞாபகத்தில் சத்தமே கிடையாது.

"மேடம் எந்த நம்பரு?" பக்கத்து நாற்காலிக்காரர் கேட்டார். சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டுச் சொன்னாள். அவர் பெயர் ஸ்டான்லி ராஜ், மார்த்தாண்டத்துக்காரர், மூன்றாவது எண், இது அவருக்குப் பதினான்காவது நேர்காணல். பதினான்கு என்பதை ஏதோ பரிசு வாங்கியதைப் போலச் சொன்னார். "இதெல்லாம் ஏற்கெனவே முடிவாயிட்டுது மேடம். விளம்பரத்தைப் பாத்தீங்கள்லா? திறந்த குவாண்டம் அமைப்புகள்ல அனுபவம், அதுலயும் நினைவுள்ள சூழல் பத்தி வேலை செஞ்சவங்களுக்கு முன்னுரிமைன்னு. யாராவது ஒரு ஆள மனசுல வைக்காம இவ்வளவு குறிப்பா எழுதுவானா?" அவர் சிரித்துக்கொண்டே அவளைப் பார்த்தார். அவர் எதைக் கேட்கிறார் என்பது அவளுக்குப் புரிய இரண்டு விநாடி ஆயிற்று. அந்த ஆள் நீதானே என்கிறார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை, ஏனென்றால் அந்த வரியை முதன்முதலில் படித்தபோது அவளுக்கும் அது தன்னையே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது, உள்ளுக்குள் ஒரு வெட்கங்கெட்ட சந்தோஷம்கூட. இப்போது அந்த வரி வேறு மாதிரி விரிந்தது. அது அவளுக்கு எவ்வளவு பொருந்துமோ அவ்வளவு தாமோதரனுக்கும் பொருந்தும். இன்னும் கறாராகச் சொன்னால், வாங்கிய தகவலை மறக்காமல் திருப்பித் தரக்கூடிய அந்த நினைவுள்ள சூழல் என்பது அவன் ஆய்வேட்டின் நான்காவது அத்தியாயம், அவள் பிறகுதான் அந்தப் பக்கம் வந்தாள். இங்கே இரண்டு பேராசிரியர்களுக்கு அவனைத் தெரியும். அவளையும் தெரியும்தான், ஆனால் அவனை நன்றாகத் தெரியும், ஒரு பயிலரங்கில் அவர்களோடு கைப்பந்து ஆடியிருக்கிறான். கைப்பந்து ஆடியவனுக்காக விளம்பரம் எழுதுவார்களா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். எழுத மாட்டார்கள். எழுதினாலும் எழுதுவார்கள். "நான் நேராச் சொல்லுறேன், ஒண்ணும் நினைக்காதீங்க," என்றார் ஸ்டான்லி ராஜ். "எதிர்பார்ப்பு இல்லாம வந்தா மனசு கஷ்டப்படாது." அதைச் சொல்லும்போது அவர் கை தன் கோப்பின் ஓரத்தை இழுத்து இழுத்து நேராக்கிக்கொண்டிருந்தது.

தாமோதரனைக் காலை எட்டிலிருந்து நான்கு முறை கூப்பிட்டாயிற்று, எடுக்கவில்லை. ஐந்தாவது முறையும் மணி முழுதாக அடித்து ஓய்ந்தது. இன்றைக்கு அவனுக்கு ஹால் டியூட்டி, பல்கலைக்கழகத் தேர்வு, போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது, வாங்கி வைத்துக்கொள்வார்கள், ஒரு மணிக்குத்தான் வெளியே வருவேன் என்று நேற்றே சொல்லியிருந்தான். சொல்லியிருந்தானா? ஆமாம், சொன்னான், அவள் கேட்காமலே சொன்னான். கேட்காமல் யாராவது இத்தனை விவரமாகச் சொல்வார்களா, வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்பது வரைக்கும்? இரண்டு முறை வேறு கேட்டான், எத்தனை மணிக்கு உன்னைக் கூப்பிடுவாங்க, வரிசைப்படிதானே கூப்பிடுவாங்க என்று. பன்னிரண்டு நாளாகத் தினமும் மாலை ஏழு மணிக்குப் போனில் அவளுக்கு மாதிரி நேர்காணல் நடத்தினான், ஒரு நாள்கூடத் தவறவில்லை, கல்லூரியிலிருந்து வந்து குளித்து உட்கார்ந்துவிடுவான், கமிட்டித் தலைவர் குரலில் ஒரு கேள்வி, வெளியாள் நிபுணர் குரலில் ஒரு கேள்வி. அவள் பதில் சொன்னால் சுலபத்தில் விடமாட்டான். இது பதிலே இல்ல அரசி, நீ மழுப்புற, மறுபடியும் சொல்லு. ஒரு நாள் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அவளைத் தேற்றுவதற்காகக் கடுமையாக இருந்தானா, அவள் எங்கெங்கே இடறுகிறாள் என்று பார்த்து வைத்துக்கொண்டானா? அப்புறம் அந்த ஒரு பக்கம். ஆய்வுத் திட்டத்தில் அவள் ஆசையாக எழுதியிருந்த பக்கம், சூழலுக்குள் கரைந்துபோன தகவல் எப்போது, எவ்வளவு திரும்பி வரும் என்பதற்கு ஒரு புது வழி. படிக்கிற காலத்தில் மெஸ்ஸுக்கு நடந்துபோகும்போது இரண்டு பேரும் பேசிப் பேசிக் கண்டுபிடித்தது, யார் முதலில் சொன்னது என்று இரண்டு பேருக்குமே தெரியாது. அதை எடுத்திடு, இன்னும் அரைவேக்காடு, எவனாவது நோண்டினான்னா உன்னால தாங்க முடியாது என்றான். எடுத்துவிட்டாள். அவள் எடுத்த பக்கம் எங்கே போயிற்று? அவளிடம் அது இல்லை, அவன் கணினியில் இருக்கிறது.

பதினோரு மணிக்கு ஸ்டான்லி ராஜை உள்ளே கூப்பிட்டார்கள். கூடத்தில் அவளுடையதோடு சேர்த்து ஐந்து நாற்காலிகள் போட்டிருந்தார்கள், கடைசி எண் வெளிநாட்டிலிருந்து காணொளியில் பேசுவதாகத் தாளிலேயே எழுதியிருந்தது, முதல் இரண்டு பேர் முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஐந்தாவது நாற்காலியில் காலையிலிருந்து யாரும் உட்காரவில்லை. அவள் எழுந்து, கையெழுத்துப் போட்ட பதிவேடு இருந்த மேஜைக்குப் போனாள். மேஜையில் இருந்த அலுவலக உதவியாளர் துளசிமணி தலையைத் தூக்கிப் பார்த்தார். "என்னங்க மேடம்?" "நேரம் போட மறந்துட்டேன்னு நினைக்கிறேன், பாத்துக்கட்டுமா?" பொய் தானாக வந்தது. பதிவேட்டில் ஆறு வரிகள், எண்ணும் கையெழுத்தும் நேரமும்தான், பெயர் இல்லை, காலையில் அவசரத்தில் அவள் தன் வரியைத் தவிர எதையும் பார்த்திருக்கவில்லை. 1148க்கு எதிரே கையெழுத்து இருந்தது. அப்படியானால் வந்திருக்கிறான். வந்துவிட்டு எங்கே போனான்? ஆங்கிலத்தில் பெரிய டி, வயிறு பெருத்த டி, அதற்குப் பின்னால் ஓர் அலை, அடியில் ஒரு கோடு. தாமோதரன் டியில்தான் ஆரம்பிப்பான், கோடும் போடுவான். அவன் டி இவ்வளவு பெருத்ததா? கல்யாணப் பதிவில் போட்ட கையெழுத்து கண்முன் வந்தது, அது நேராக நின்றது, ஆனால் அது சரியில்லாத பேனா. ஏழு வருஷம் கூட வாழ்ந்தவனின் கையெழுத்து தெரியவில்லை என்றால் என்ன அர்த்தம், கூட வாழ்ந்தது பதினோரு மாதம்தானே. "இந்த 1148, அவங்க பேரு என்னங்க?" துளசிமணி பதிவேட்டை மெதுவாக மூடினார். "பேரெல்லாம் சொல்லக்கூடாதுங்க மேடம், நம்பர்தானுங்க. காலைல வெள்ளனே வந்து சைன் போட்டுட்டு வெளிய போனாருங்க, உள்ள உக்காந்தா படபடன்னு வருதுன்னாரு." உள்ளே உட்கார்ந்தால் யாரைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று அவனுக்குத் தெரியும் அல்லவா. அவள் விறுவிறுவென்று வராந்தாவுக்குப் போனாள். வெயிலில் நான்கு கார்கள். புங்க மரத்தடியில் யாரோ ஒரு காரின் ஓட்டுநர், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, நாலாக மடித்த செய்தித்தாளில் முகத்தைப் புதைத்திருந்தார். வேறு யாரும் இல்லை. நூலகக் கட்டடத்தின் பின்னால் இருப்பானோ, கேண்டீனில் இருப்பானோ. தேடிப் போகலாம். போய்க் கண்டுபிடித்துவிட்டால் அதற்கப்புறம் உள்ளே போய் என்ன பேசுவது? திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

அப்போதுதான், யோசனை எங்கே சுற்றினாலும் ஓர் இடத்துக்குப் பக்கத்தில் வந்ததும் விலகி ஓடுவதை அவள் கவனித்தாள். பன்னிரண்டு நாள். மாதிரி நேர்காணல் ஆரம்பித்த அன்றைக்குக் காலையில் ஜெர்மனியிலிருந்து அந்த மின்னஞ்சல் வந்தது. மூன்று வருஷப் பணி, சொந்தமாக ஒரு சின்னக் குழு, மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம், இரண்டு வாரத்துக்குள் பதில் எதிர்பார்க்கிறோம். ஜனவரியில் போட்ட விண்ணப்பம், அவனிடம் சொல்லாமல் போட்டது. ஏன் சொல்லவில்லை என்று அப்போது நன்றாகத் தெரிந்த மாதிரி இருந்தது: கிடைக்கப்போவதில்லை, எதற்கு வீணாக, சொன்னால் அவன் சந்தோஷமாக முகத்தை வைத்துக்கொள்வான், அந்த வைத்துக்கொண்ட முகத்தை அவளால் பார்க்க முடியாது. கிடைத்த பிறகும் சொல்லவில்லை. முதல் நாள், இன்றைக்கு அவன் களைத்திருக்கிறான் என்று. இரண்டாம் நாள், இந்த நேர்காணல் முடியட்டும், இது கிடைத்துவிட்டால் அதைப் பற்றிப் பேசவே வேண்டாமே என்று. நான்காம் நாள் அவன் கமிட்டித் தலைவர் குரலில் "இந்த நிறுவனத்தில் நீண்டகாலம் இருக்க உத்தேசமா?" என்று கேட்டான், அவள் "நிச்சயமாக" என்று சொன்னாள், "இது நல்ல பதில், கண்ணைப் பாத்துச் சொல்ற மாதிரி இருந்துச்சு" என்று பாராட்டினான். அதற்கப்புறம் எப்படிச் சொல்வது? அது வேறு, இது வேறு என்று தனக்குள் அவசரமாகச் சொல்லிக்கொண்டாள். அவள் போட்டது வெளிநாட்டு வேலைக்கு, அதில் அவனோடு போட்டி இல்லை, அவனிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. அவன் செய்திருப்பது, கூடவே உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டு முதுகுக்குப் பின்னால் தானும் போட்டது. வாதம் நன்றாகத்தான் இருந்தது. ஒரே ஒரு குறை, அவன் செய்தான் என்பது இன்னும் நிரூபணமாகவில்லை, அவள் செய்தது ஆகிவிட்டது.

ஸ்டான்லி ராஜ் வெளியே வந்தார், காதுமடல் சிவந்திருந்தது. "நல்லாத்தான் கேட்டாங்க மேடம்," என்றார் நம்ப முடியாதவரைப் போல. "ஒருவேளை நெஜமாத்தான் எடுக்கப் போறாங்களோ என்னமோ." அடுத்து அவள். நாற்பது நிமிஷம் எப்படிப் போயிற்று என்று பிறகு கோத்துப் பார்க்கும்போது துண்டு துண்டாகத்தான் வந்தது, நீள மேஜை, ஏழு பேர், யாரும் தொடாத முந்திரிப் பருப்பு, வெள்ளைப் பலகையில் அவள் எழுதிய சமன்பாட்டின் வலது ஓரம் கீழே சரிந்துகொண்டே போனது. கேள்விகளில் பாதிக்கு மேல் தாமோதரன் கேட்டவை. அவன் சொல்லிக்கொடுத்த இடத்தில் மூச்சு விட்டு, அவன் திருத்திய வாக்கியங்களை அவள் சொன்னாள், அவை நன்றாக எடுபட்டன. பிறகு வெளியிலிருந்து வந்திருந்த நிபுணர், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "சூழலுக்குள் போன தகவல் திரும்பி வருவதைப் பற்றி உங்கள் திட்டத்தில் ஒன்றுமே இல்லையே, ஏன்?" என்று கேட்டார். இந்த மனிதர் அதை எங்கே படித்தார்? அடுத்த கோப்பில் படித்திருக்கிறார். எடுக்கச் சொன்ன பக்கம் அடுத்த கோப்பில் இருக்கிறது. அந்தக் கோபத்தில் அவள் பலகையைத் துடைத்துவிட்டு முழுப் பக்கத்தையும் மனப்பாடமாக எழுதினாள், இது என்னுடையது, என்னுடையது என்று ஒவ்வொரு வரிக்கும் உள்ளே ஒரு குரல். நிபுணர் மூன்றாவது வரியில் விரலை நீட்டி, "இந்தத் தோராயம் எந்த நிபந்தனையில் செல்லுபடியாகும்?" என்று சாதாரணமாகக் கேட்டார். அவளால் சொல்ல முடியவில்லை. முயற்சி பண்ணினாள், மழுப்பினாள், மழுப்புவது தனக்கே கேட்டது. அரைவேக்காடு. கடைசியில் தலைவர், நரைத்த முடியைக் கொண்டையாகப் போட்டிருந்த அம்மா, கனிவாகவே கேட்டார், "உங்க கணவரும் இதே துறைதானே? நீங்க இங்க வந்தா அவர் என்ன பண்ணுவார்?" இதுவும் அடுத்த கோப்பிலிருந்து வந்ததுதான் என்று நினைத்தாள். "அவர் திருச்சியில் வேலையில் இருக்கிறார்" என்றாள், அந்தச் சுருக்கம் அறையில் கொஞ்சம் குளிர்ச்சியை உண்டாக்கியது. வெளியே வந்து கதவு மூடிய பிறகுதான் நினைவுக்கு வந்தது, விண்ணப்பத்தில் கணவர் பெயர், கணவர் பணி, அவர் படிப்பு என்று மூன்று கட்டங்கள் இருந்தன, அவளே நிரப்பினாள். நிபுணர் கேட்டதும் அப்படித்தான், நினைவுள்ள சூழலைப் பற்றி ஒருவர் எழுதினால் எவரும் அடுத்ததாகக் கேட்கிற கேள்வி அது.

நீங்க போலாங்க மேடம், சாப்பாட்டு டோக்கன் வாங்கிக்கங்க என்று துளசிமணி சொன்னார். அவள் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளே டீ போயிற்று, காலிக் கோப்பைகள் வந்தன. பன்னிரண்டு நாற்பதுக்குத் துளசிமணி வராந்தாவுக்குப் போய், "ஆயிரத்து நூத்தி நாப்பத்தெட்டு, வாங்க சார்" என்று குரல் கொடுத்தார். காலடிச் சத்தம் வந்தது. வராந்தாவின் வெளிச்சத்தில் முதலில் ஆள் இருட்டாகத்தான் தெரிந்தான், அந்த உயரம், அந்தத் தோள், அவளுக்கு நிச்சயமாகிவிட்டது, என்ன சொல்ல வேண்டும் என்பதுகூட வரிசையாக வந்து நின்றது. பிறகு அந்த உருவம் கூடத்துக்குள் வந்தது. மரத்தடியில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர், ஓட்டுநர் என்று அவள் நினைத்தவர். மடித்த சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டே வந்தார், நாற்பத்தைந்து வயதுக்குக் குறையாது, வயது வரம்பின் விளிம்பில் நிற்கிறவர். கையிலிருந்தது செய்தித்தாள்தான், ஆனால் அதற்குள் மடித்து வைத்திருந்த ஒற்றைத் தாளில் பென்சிலால் எழுதிய சமன்பாடுகள். "டாக்டர் தேவசகாயம்?" என்று உள்ளிருந்து ஒருவர் கேட்க, "ஆமா சார்" என்றார். வயிறு பெருத்த டி. கதவு மூடிக்கொண்டது. அந்த வேலை அவருக்கும் கிடைக்கவில்லை, அவளுக்கும் கிடைக்கவில்லை, ஸ்டான்லி ராஜுக்கும் கிடைக்கவில்லை. தகுதியானவர் எவரும் காணப்படவில்லை என்று மூன்று வாரம் கழித்து நிறுவனத்தின் இணையதளத்தில் ஒரு வரி போட்டார்கள். யாரையும் மனதில் வைத்து எழுதிய விளம்பரம் இல்லை அது. ஆனால் அதெல்லாம் பிறகு. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளுக்கு அப்பாடா என்று இருந்திருக்க வேண்டும். இல்லை. ஏதோ கையிலிருந்து நழுவிப்போன மாதிரி இருந்தது. ஏமாற்றம். அதை அடையாளம் கண்டுகொள்ளச் சற்று நேரம் பிடித்தது, கண்டுகொண்டதும் உடம்பு கூசியது. காலையிலிருந்து மூன்று மணி நேரம் அவள் பயந்துகொண்டிருக்கவில்லை, வேண்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அவன் செய்திருக்க வேண்டும். அவனும் ஒன்றை மறைத்திருக்க வேண்டும். அப்படி இருந்தால் ஒன்றுக்கு ஒன்று கழிந்துபோகும், அவள் எதையும் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்றேகாலுக்குப் போன் அடித்தது. பின்னால் பிள்ளைகளின் இரைச்சல், பேருந்தின் ஹாரன். "அஞ்சு மிஸ்டு கால் இருக்கு, என்னாச்சு அரசி? பயந்துட்டேன். எப்படிப் போச்சு?" அவள் மரத்தடிக்கு நடந்துபோய், தேவசகாயம் உட்கார்ந்திருந்த சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்தாள். முதலில் ஜெர்மனியைச் சொன்னாள். நிறுத்தாமல் சொன்னாள், நிறுத்தினால் மாற்றிச் சொல்லிவிடுவோம் என்று பயம். "எப்ப வந்துச்சு?" "பன்னெண்டு நாளாச்சு." இரைச்சலிலிருந்து அவன் எங்கோ விலகிப் போனது கேட்டது, ஒரு கதவு சாத்தியது. "அன்னிக்கு சாயந்தரம்தானே நாம ஆரம்பிச்சோம்." "ஆமா." "தினமும் ஏழு மணிக்கு." "ஆமா தாமு." அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மீதியை வைத்துக்கொண்டு இன்னொரு பன்னிரண்டு நாள் அவளால் இருக்க முடியாது என்று தோன்றியது, அதனால் 1148ஐயும் சொன்னாள், சனிக்கிழமையை, பப்ஸை, மூடிய திரையை, கையெழுத்தை. அவன் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. "அன்னிக்கு நான் மார்க்குதான் ஏத்துனேன். நம்புறியா?" "நம்புறேன்." "இப்ப நம்புற. வேற ஆளு வந்து நின்னப்புறம்." அவள் கட்டையிலிருந்து எழுந்து மறுபடியும் உட்கார்ந்தாள். அவன் கேட்டான், "ஜெர்மனிக்குப் போறதா இல்லையான்னு முடிவு பண்ணிட்டியா?" "இல்ல." "இதை நான் நம்பணுமா அரசி?" கோபமாகக் கேட்டிருந்தால் அவளும் கோபப்பட்டிருப்பாள், ஏழு வருஷத்தில் அது பழகிய பாதை. அவன் கோபப்படவில்லை, பதில் தெரியாத ஒன்றைக் கேட்கிறவனைப் போலக் கேட்டான். சாயந்தரம் கொல்கத்தா ரயிலுக்கு அவளுக்கு டிக்கெட் இருந்தது. "நான் திருச்சிக்கு வர்றேன்," என்றாள். "இப்பவே கெளம்புறேன். நேர்ல பேசலாம்." "எந்த பஸ்?" என்று கேட்டான். வந்து அழைத்துப் போவதற்குக் கேட்கிறானா, சரிபார்ப்பதற்குக் கேட்கிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் முடியாது. சிங்காநல்லூரில் பஸ் ஏறி, நடத்துநர் கிழித்துக் கொடுத்த சீட்டை மடியில் நேராக வைத்து, ஊர்ப் பெயரும் நேரமும் தெளிவாகத் தெரிகிற மாதிரி படம் எடுத்து, அவனுக்கு அனுப்பினாள்.